மேலே அணை கட்டினால் மட்டக்களப்பு நகரம் வெள்ளத்திலிருந்து தப்புமா?

இருதயபுரம் பக்கம் குடியிருக்கும் சகோதரர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். மட்டக்களப்பு நகரம் ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டு போகிறது. மார்கழி பிறந்தால் ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. முந்தனை ஆற்றிலோ உன்னிச்சைக் குளத்துக்கு மேலோ பெரிய அணையொன்றைக் கட்டி வெள்ளத்தைத் தடுத்தால் நகரம் தப்பாதா. அப்படிக் கட்டுவார்கள் என்றால், வாவிக்கரையில் இப்போது மலிவாகக் கிடைக்கும் காணியை வாங்கி வீடு கட்டலாமா? இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. நீர்த்தேக்கம் வெள்ளத்தைக் குறைக்குமா என்பது ஒன்று. நீர்த்தேக்கம் இருக்கிறது என்று நம்பி நகரம் தாழ்நிலத்துக்குள் இறங்கலாமா என்பது மற்றது. முதலாவதற்கு என் பதில், நிபந்தனைகளோடு, ஆம். இரண்டாவதற்கு, இல்லை. நீர்ப்பாசன வேலையில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் குளக்கட்டுகளில் நடந்தவன் என்ற முறையில் காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், நகரத்துக்குள் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மேற்கே காட்டிலும் வயலிலும் பெய்த மழை ஆறுகள் வழியாக இறங்குவது ஒரு பங்கு. நகரத்தின் கூரைகளிலும் வீதிகளிலும் நேராக விழும் மழை இன்னொரு பங்கு. வாவி நிறைந்து கடலுக்குள் வடிய வழியில்லாமல் ஏறி நிற்பது மூன்றாவது பங்கு. ஆற்றை மறிக்கும் அணை இவற்றில் முதலாவதை மட்டுமே தொடும். அதிலும் தனக்கு மேலே விழுந்த மழையை மட்டுமே பிடிக்கும். முந்தனை ஆற்றின் வெள்ளம் பெரும்பாலும் சித்தாண்டி, செங்கலடி, கிரான் தாழ்நிலங்களில் பரவுகிறது. மாரி கடுத்தால் கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓட, அப்பால் உள்ள ஊர்கள் துண்டிக்கப்பட்டு மக்கள் படகில் வந்து போவதை எல்லோரும் அறிவோம். ஆகவே அந்த ஆற்றில் நல்ல அணையொன்று அமைந்தால் முதற்பயன் கிரானுக்கும் சித்தாண்டிக்கும்தான் கிடைக்கும். இது சிறிய பயன் அல்ல; அதற்காகவே அத்தகைய அணையை நான் ஆதரிப்பேன். ஆனால் இருதயபுரத்து ஒழுங்கைக்கு அதனால் வரும் ஆறுதல் மிகக் குறைவு.

மட்டக்களப்பு வாவிக்குள் இறங்கும் தண்ணீர் ஒரு கையால் வருவதில்லை. உன்னிச்சைக் குளம் நிறைந்து வான் (மிகைநீர் வழிந்தோடும் வாய்) பாய்ந்தால் அது வவுணதீவுப் பக்கத்தால் இறங்கும். நவகிரிக் குளத்தின் தண்ணீரும், கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வயல்களின் வடிச்சலும் தெற்கேயிருந்து வரும். கிட்டங்கித் தாம்போதி மூழ்கியது என்று கல்முனையிலும் நாவிதன்வெளியிலும் பேச்சு எழும்போது வாவியின் தென்கோடி நிறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாசலை அடைத்தால் மற்ற வாசல்கள் திறந்தே இருக்கும்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 1,000 கனமீற்றர் தண்ணீர். 1,000 சதுர கிலோமீற்றர் வடிநிலத்தில் 250 மில்லிமீற்றர் பெய்து, அதில் நூற்றுக்கு அறுபது பங்கு ஓடி வந்தால் 15 கோடி கனமீற்றர். ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்ணில் அறுபது பங்கு என்பது மிகையான ஊகம் அல்ல. இதை முழுதாகப் பிடித்து வைக்க எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும் என்பதற்கு ஓர் ஒப்பீடு தருகிறேன். இங்கினியாகலையில் மலைகளுக்கிடையிலான இடைவெளியை மறித்து, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு சுமார் 770,000 ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 95 கோடி கனமீற்றர். அந்த இடம் அப்படி அமைந்தது. கிழக்கே இறங்கி வரவர நிலம் தட்டையாகிவிடுகிறது. அங்கே நீளமான கட்டுப் போட்டாலும் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் ஏரிதான் கிடைக்கும், காடும் காணியும் அதிகம் மூழ்கும், வெயில் காலத்தில் ஆவியாகப் போவதும் அதிகம். உறுகாமக் குளத்தையும் கித்துள் குளத்தையும் இணைத்துப் பெரிதாக்குவது பற்றி நெடுங்காலம் பேசப்பட்டு வந்ததற்கு, புதிய இடம் தேடுவதைவிட இருப்பதைப் பெருப்பிப்பதே வாய்ப்பானது என்பதும் ஒரு காரணம்.

இனி, நான் முக்கியமானது என்று கருதும் விடயத்துக்கு வருகிறேன். வெள்ளத்தைத் தடுக்கும் நீர்த்தேக்கம் மழை வரும்போது வெறுமையாக இருக்க வேண்டும். வயலுக்கும் குடிநீருக்குமான நீர்த்தேக்கம் மழை முடியும்போது நிறைந்திருக்க வேண்டும். நமது பகுதியில் இந்த இரண்டும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி தை வரையான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியில் கொட்டிவிடுகிறது; அடுத்த சிறுபோகத்துக்கும், உன்னிச்சையிலிருந்து குடிநீர் எடுக்கும் நகரத்தின் வெயில்காலத் தாகத்துக்கும் அந்தச் சில வாரங்களில் பிடித்த தண்ணீரே கதி. ஆகவே குளத்துப் பொறுப்பாளர் எவரும் மார்கழியில் குளம் நிறைவதைப் பார்த்து மனம் நிறைவார். அதே மார்கழியில்தான் பெருவெள்ளமும் வருகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் புரிந்ததல்ல. ஒரு கார்த்திகைக் கடைசியில், குளமொன்றின் நீர்மட்டப் பலகைக்கு முன்னால், நானும், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பிலிருந்த வட்டவிதானை ஒருவரும் டோர்ச் வெளிச்சத்தில் நின்றிருந்தோம். நிறைமட்டத்துக்கு ஒன்றரை அடிதான் மிச்சம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிறது என்று வானொலி சொல்லிவிட்டது. இரண்டு அடி இறக்கி வைத்தால் நல்லது என்றேன். அவர் பலகையில் ஒட்டியிருந்த பாசியை விரலால் சுரண்டி, அளவை இன்னொருமுறை பார்த்துவிட்டு, “ஐயா, போன வருசம் மழை ஏமாத்திப் போட்டுதுதானே. இதையும் திறந்து விட்டுட்டு, தையில குடலைக்குத் தண்ணி இல்லையெண்டா நாங்க எங்க போறது?” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. கதிர் வெளிவருமுன் பயிருக்குள் திரளும் குடலைப் பருவத்தில் தண்ணீர் தப்பினால் கதிர் பதராகிப் போகும். நான் சொன்னதும் உண்மை. அன்றிரவு எங்களிடம் இல்லாமலிருந்தது, எந்தத் திகதியில் எந்த மட்டத்துக்கு மேல் தேக்கக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோரும் கூடி எழுதி ஒப்புக்கொண்ட ஒரு விதி. விதி இல்லாத இடத்தில் முடிவு, டோர்ச் பிடித்து நிற்கும் இரண்டு பேரின் தலையில் விழுகிறது.

எனவே புதிய நீர்த்தேக்கம் பற்றிப் பேசும்போது மொத்தக் கொள்ளளவைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அதில் வெள்ளத்துக்கென்று எவ்வளவு இடம் வெறுமையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்த இடத்தை வறட்சியான ஆண்டிலும் நிரப்பாமல் வைத்திருக்க யாருக்கு அதிகாரம், அதனால் விளைச்சல் குறைந்தால் விவசாயிக்கு நட்டஈடு யார் கொடுப்பது என்று கேளுங்கள். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியைத் தீர்மானிப்பது போல இதையும் தீர்மானித்துப் பதிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘மழை வருகிறது என்று தெரிந்தவுடன் திறந்துவிட்டால் போதும்’ என்று சிலர் சொல்வார்கள். இரண்டு கோடி கனமீற்றரை மூன்று நாளில் இறக்க வேண்டுமானால், இரவு பகலாக வினாடிக்கு 77 கனமீற்றர் விட வேண்டும். குளத்துக்குக் கீழே அதைத் தாங்கும் ஆறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், வராமலே போகக்கூடிய ஒரு வெள்ளத்துக்காக நாமே வயலில் ஒரு வெள்ளத்தை உண்டாக்கியவர்களாவோம்.

இடத்தை ஒதுக்கி வைத்தாலும் அது போதுமா என்பதற்கு, நமக்கு நடந்த அதே மாதத்தில் இன்னொரு நாட்டில் நடந்ததைச் சொல்லலாம். 2011 தையில் கிழக்கு மாகாணம் மூழ்கியது. மாசியில் மறுபடி மூழ்கியது. பாதிக்கப்பட்டோர் பத்து இலட்சத்துக்கும் மேல். அதே 2011 ஜனவரி 13 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் ஆறு 4.46 மீற்றருக்கு ஏறியது. அந்த நகரத்துக்கு மேலே வைவன்ஹோ என்ற பெரிய அணை உண்டு. 1974 இல் அந்நகரம் கண்ட பெருவெள்ளத்தின் பின்னர், 1980களில் கட்டி முடிக்கப்பட்டது. குடிநீருக்குத் தேக்கும் கொள்ளளவைவிட, வெள்ளத்துக்கென வெறுமையாக வைக்கும் கொள்ளளவு அதில் பெரியது. அப்படியிருந்தும் நகரம் மூழ்கியது. அணைக்குக் கீழே வந்து சேரும் லொக்கியர், பிறெமர் ஆறுகளை மறிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. கதவுகளை எப்போது எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வழக்கு பல ஆண்டு நடந்து, 2019 இல் ஒருவாறும் 2021 இல் மேன்முறையீட்டில் வேறுவாறும் தீர்ந்தது. தேர்ந்த பொறியியலாளர்களும் நீதியரசர்களும் பத்தாண்டு பேசியும் ஒன்றுபடாத முடிவை மழை இரவொன்றில் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், சென்னையில் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது பற்றி இன்னும் ஏன் சர்ச்சை ஓயவில்லை என்பதும் விளங்கும்.

கதவே இல்லாத அணைகளும் உண்டு. அமெரிக்காவில் டேய்ட்டன் நகரை 1913 வெள்ளம் அழித்த பின், 1922 அளவில் ஐந்து உலர் அணைகளைக் கட்டினார்கள். அடியில் எப்போதும் திறந்திருக்கும் துவாரங்கள் மட்டுமே உண்டு. சாதாரண நாளில் ஆறு தன்பாட்டில் ஓடும். பெருவெள்ளத்தில் துவாரம் தாங்கும் அளவுக்குமேல் வருவது பின்னால் தேங்கி, மெல்ல வடியும். திறப்பதா மூடுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. அணைக்குப் பின்னால் உள்ள நிலத்தில் பயிர் செய்யலாம், வீடு கட்ட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது: தண்ணீர் தேங்கும் மார்கழியில் அந்த நிலத்தில் நம்மவரின் வேளாண்மை நிற்கும், ஒரு வாரத்துக்கு மேல் முழுதாக மூழ்கினால் நம்மிடமுள்ள பெரும்பாலான நெல்லினங்கள் அழுகிவிடும். அந்த இழப்பைத் திட்டச் செலவின் ஒரு பகுதியாகவே சேர்த்தால் உலர் அணை இங்கும் சாத்தியம் என்று நினைக்கிறேன்.

நகரம் வளர்வது பற்றிய உங்கள் கவலைக்கு நேரடியாகப் பொருந்துவது ஹூஸ்டனின் கதை. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பின் அந்நகரின் மேற்கே, அன்று வெறும் புல்வெளியாக இருந்த இடத்தில், அடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத் தேக்கங்களை 1940களில் கட்டினார்கள். பெரும்பாலான நாட்களில் வறண்டு கிடந்ததால் நகரம் அவற்றைச் சுற்றி வளர்ந்தது. பிறகு, அரசு சுவீகரிக்காமல் விட்டிருந்த, ஆனால் தேக்கம் நிறைந்தால் தண்ணீர் எட்டக்கூடிய விளிம்பு நிலத்துக்குள்ளும் வீடுகள் இறங்கின. 2017 இல் ஹார்வி புயல் மழையில் தேக்கங்கள் நிறைந்தபோது, அணைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. அணையைக் காப்பாற்றத் தண்ணீரைத் திறந்தபோது கீழேயிருந்த வீடுகளும் மூழ்கின. அணை சிறிய வெள்ளங்களை மறைத்துவிடுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு கால் நனையாமல் போனால், அது வெள்ளம் வரும் நிலம் என்பதையே மக்கள் மறந்துபோகிறார்கள்.

நம்மிடம் ஒரு பெரிய வெள்ளத் தேக்கம் ஏற்கெனவே இருக்கிறது; நாம் அதை அப்படி அழைப்பதில்லை. வாவியின் பரப்பு ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர். அது ஓரடி உயர்ந்தால் நான்கு கோடி கனமீற்றருக்கு மேல் தாங்குகிறது. கரையோரச் சதுப்பும் கண்டல் காடும் தாழ்ந்த வயலும் அந்தப் பாத்திரத்தின் விளிம்பு. ஒரு சதுர கிலோமீற்றர் விளிம்பை ஒரு மீற்றருக்குக் கிறவல் கொட்டி நிரப்பினால் பத்து இலட்சம் கனமீற்றர் இடம் போகிறது. அந்தத் தண்ணீர் அடுத்தவரின் வளவுக்குள் போகும். நிரப்பிய நிலத்தில் வீதி போடும்போது நடப்பதையும் பார்த்திருக்கிறேன். புதிய உள்வீதியொன்றின் குறுக்கே வைத்த குழாய் மதகின் அடிமட்டம், பக்கத்து வயலின் மட்டத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. பார்வைக்குப் புத்தம் புதிய மதகு. ஆனால் ஒரு சாண் தண்ணீர் அந்தப் பக்கத்தில் எப்போதும் நிற்கும்படி கட்டியிருந்தார்கள். அணைக்குச் செலவிடும் கோடிகளோடு ஒப்பிட்டால், இப்படிப்பட்ட மதகுகளை மட்டம் பார்த்து மாற்றுவது அற்பச் செலவு. கல்முனை, சாய்ந்தமருதுத் தோணாக்களை (வெள்ளம் வடியும் இயற்கை நீரோடைகளை) அடைபடாமல் வைத்திருப்பதும் இதே வகையைச் சேர்ந்த வேலை.

நகரத்திலேயே விழும் மழையையும் சிறிதென்று எண்ண வேண்டாம். பத்துப் பேர்ச் வளவில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றர், அதாவது 5,000 லீற்றர் பவுசர் ஐந்து. வளவு மணலாக இருந்த காலத்தில் அதில் பெரும்பங்கை நிலம் குடித்தது. இன்று வாசல்வரை கல் பதித்து, மதில் கட்டி, தண்ணீரை ஒழுங்கைக்குத் தள்ளுகிறோம். ஒழுங்கை வடிகானுக்குத் தள்ளுகிறது. வாவி ஏறி நிற்கும் நாளில் வடிகான் எங்கும் தள்ள முடியாது. இருதயபுரம், மாமாங்கம், கருவப்பங்கேணிப் பக்கங்களில் நிற்கும் தண்ணீரில் கணிசமான பங்கு இந்த வகையைச் சேர்ந்தது. இதை எந்த அணையாலும் தடுக்க முடியாது.

பிறகு முகத்துவாரம். வாவியின் தண்ணீர் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலைச் சேர வேண்டும்; கோடையில் மணல் திட்டு அதை மூடிவிடும். கடலின் ஏற்றவற்று இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், மூடிய வாயைத் தானாகத் திறக்கும் வலு அதற்குக் குறைவு. ஆற்று வெள்ளமே தள்ளித் திறக்கும், அல்லது வெட்டிவிட வேண்டும். வெட்டும் நாளைப் பற்றி விவசாயிக்கும் மீனவருக்கும் ஒவ்வொரு மாரியிலும் இழுபறி. வயல் அழுகுகிறது, உடனே வெட்டுங்கள் என்பார் ஒருவர். இப்போதே வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பார் மற்றவர். இதையும் வாவியின் ஒரு குறிப்பிட்ட நீர்மட்டத்தோடு கட்டிவிட்டால், அந்த மட்டம் வந்ததும் விவாதமின்றி வெட்டலாம்.

உறுதியானவை இவ்வளவு. ஐயத்துக்குரியவையும் உண்டு, ஆறுகளின் மேல் அணைகள் பெருகி வெள்ளத்தின் வேகம் குறைந்தால், முகத்துவாரத்தை அரித்துத் திறக்கும் வலுவும் குறையுமா என்பது அவற்றில் ஒன்று. குறையும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது, ஆனால் கரையோர மணல் ஓட்டத்தைப் பல ஆண்டு அளந்த பின்னரே சொல்ல வேண்டியது அது. மழை எதிர்காலத்தில் எப்படி மாறும் என்பது இன்னொன்று. வெப்பம் கூடிய காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது பௌதிகம். குறுகிய நேரத்தில் கொட்டும் மழை கடுமையாகும் என்பதும் பெரும்பாலும் ஏற்கப்பட்டதே. ஒரு குறிப்பிட்ட ஆற்றுக்கு அது எத்தனை வீதம் என்று தசமத் தானத்தோடு சொல்பவரை நான் நம்புவதில்லை. ‘நூறு ஆண்டு வெள்ளம்’ என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. அது நூறு ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வருவதல்ல. எந்த ஆண்டிலும் நூறில் ஒரு வாய்ப்பு. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிக்கும் காலத்துக்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தாறு. 1957 மார்கழி வெள்ளத்தைப் பார்த்த முதியவர்களில் சிலர் 2011 ஐயும் பார்த்தார்கள்.

அணை கட்டுவதென்றால் அதன் பாதுகாப்பும் நகரத்தின் கவலையாகிறது. மண் அணைக்கு மேலால் தண்ணீர் வழிந்தால் கட்டு அரிந்து போகும். ஆகவே நகரத்தைக் காக்கக் கணக்கிடும் வெள்ளத்தைவிடப் பல மடங்கு அரிய வெள்ளத்தையும் கடத்தும்படி வான் அமைய வேண்டும். அது மட்டும் போதாது. கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டது 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி. அது மாரிகாலமே அல்ல; மேலால் வழியாமலே, உள்ளே கசிந்தும் கட்டு உடையும். பழைய கட்டுகளின் உயரத்தைக் கூட்டும் திட்டம் எதிலும், கட்டுக்குள்ளே கசிவு அளக்கும் ஏற்பாடும், அதைக் கிழமை தவறாமல் பார்த்து எழுதும் ஆளும் இருக்கிறார்களா என்பதை நான் முதலில் கேட்பேன்.

காணிக்கு வருகிறேன். உங்கள் காணி மூழ்குமா என்று படத்தைப் பார்த்தோ, இப்படி ஒரு பதிலிலோ எவராலும் சொல்ல முடியாது. அரை அடி வித்தியாசம் தீர்மானிக்கும் விடயம் அது. பங்குனியில் போய்ப் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். மார்கழியில், இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்தபின் போய் நில்லுங்கள். பக்கத்து வளவுகளின் பழைய சுவரிலும் பனையடியிலும் சேற்றுக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நெடுங்காலம் இருக்கும் அம்மா ஒருவரிடம் 2011 இல் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேட்டு, அந்தப் படியையும் உங்கள் காணியின் மூலைக்கல்லையும் ஒரு நில அளவையாளரைக் கொண்டு மட்டம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டின் தளம் அந்தக் கோட்டுக்கு மேலே ஓரிரு அடியாவது நிற்க வேண்டும். அதற்குக் காணி முழுவதையும் கிறவல் கொட்டி உயர்த்தாமல், வீட்டை மட்டும் தூணில் உயர்த்தினால் அயலவருக்கும் தண்ணீர் போக வழி இருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தால் காணி மலிவாகத் தெரியவில்லையென்றால், அதை வாங்காதீர்கள்.